ஆர்.சி. புக் உள்ள சொந்த வீடு

என் கல்யாணத்துக்கு அப்பா போட்டது ஒரே ஒரு கண்டிஷன். பையன் கறுப்பா சிவப்பா, என்ன படித்தவன், எந்த ஊர்க்காரன், இதெல்லாம் அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. “சொந்த வூடு கீதா?” சொந்தமாக வீடு இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. “சொந்த வூடு இல்லாதவனுக்கு என் பொண்ண குடுக்க மாட்டேன். அதுக்கு மேல என்னாண்ட எதுவும் பேசாத.”

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. குன்றத்தூரில் மூன்று, படப்பையில் இரண்டு, மணிமங்கலத்தில் நான்கு என்று மொத்தம் ஒன்பது வாடகை வீடுகளில் நாங்கள் இருந்திருக்கிறோம். ஒன்பது வீட்டுக்காரர்களும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “காலி பண்ணுங்க.” ஒருவருக்கு மகன் கல்யாணம், ஒருவருக்கு மாடி கட்ட வேண்டும், ஒருவருக்கு எங்கள் அம்மா காலையில் மிக்சி போடும் சத்தம் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அம்மா மூன்று நாள் உட்கார்ந்து மூட்டை கட்டுவார். கரண்டிகள் எந்தச் சாக்கில் இருக்கின்றன என்று கண்டுபிடித்து முடிப்பதற்குள் அடுத்த ‘காலி’ வந்துவிடும். என் கல்யாணப் பேச்சு வந்த நேரத்தில் அம்மாவுக்கு முதுகு நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. “எம் பொண்ண எவனும் காலி பண்ணுன்னு சொல்லக் கூடாது” என்று அப்பா சொன்னால், அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

இதில் வேடிக்கை, அப்பா வேலையே அதுதான். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் அவர் செக்யூரிட்டி. சாதா செக்யூரிட்டி இல்லை, சீனியர். தோளில் கோடெல்லாம் உண்டு. கேட் முன்னால் வந்து நிற்கிற லாரி, வேன், ஷேர் ஆட்டோ, இளநீர் வண்டி எல்லாவற்றையும் “எடு, எடு, எடு” என்று துரத்துவதுதான் நாள் முழுக்க அவர் செய்கிற உத்தியோகம். ஊரையெல்லாம் விரட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரர் இவரை விரட்ட வாசலில் நிற்பார்.

இப்போது நான் கட்டிக்கொள்ள நினைத்த ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்க்கிற கம்பெனியின் ஷிப்ட் வேன் டிரைவர். திருநெல்வேலிப் பக்கம். கார் சீட்டுக்கு உறை தைக்கிற லைனில் தையல் சரியா என்று பார்ப்பது என் வேலை. அந்த வேலைக்குப் போக தினமும் அவருடைய வேனில்தான் ஏறியாக வேண்டும். எனக்கோ வண்டியில் ஏறினாலே குமட்டும். அதனால் டிரைவருக்குப் பின்னால் உள்ள முதல் சீட்டை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். ஒரு நாள் காலை அவர் எதுவும் பேசாமல், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டினார். கையில் ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு பிளாஸ்டிக் கவரும். ரோஜாப்பூ வாங்கிக் காதலில் விழுந்தவர்கள் எங்கள் லைனிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது வாந்தி கவர். சும்மா சொல்லக் கூடாது, ரோஜாப்பூவை விட அது ரொம்ப நாள் உழைத்தது.

ஏழு வருஷம் அதே வேன், அதே ரூட். பிறகு வண்டிக்கு வயசாகிவிட்டது, இனிமேல் ஆள் ஏற்றக் கூடாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வேன் முதலாளி அதை எடைக்குப் போடப் பார்த்தார். இவர் போய் வாங்கிக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம். எவனாவது கல்யாணம் பண்ணப் போகிற நேரத்தில் காயலான் கடைக்குப் போகிற வண்டியை வாங்குவானா?

அவர் அமைதியாகச் சொன்னார்: “ஏழு வருசமா ஒரு ரூம்ல எட்டுப் பேரு இருக்கோம். ஷிப்டு மாத்தி ஷிப்டு ஒரே பாயில படுக்கோம். நான் நிம்மதியா தூங்கினதெல்லாம் இந்த வேனுக்குள்ளதான். இதுல ஒரு அடுப்பை வச்சிட்டா வீடுதானே?”

கேட்டதும் சிரித்தேன். அப்புறம் யோசித்தேன். அப்புறம், “அடுப்பு எந்தப் பக்கம் வைப்பீங்க?” என்று கேட்டேன். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

வாலாஜாபாத் ரோட்டில் வண்டிக்குப் பாடி கட்டுகிற ஒரு பட்டறையில் மூன்று மாதம் வேலை நடந்தது. பழைய சீட்டுகளைக் கழற்றி, அவற்றின் பஞ்சைச் சேர்த்துக் கட்டில் ஆயிற்று. ஜன்னலோரம் சமையல் மேடை. கூரை மேல் தண்ணீர்த் தொட்டி, அதன் பக்கத்தில் சோலார் தகடு. பின்கதவை ஒட்டித் திரை போட்டு ஒரு குட்டிக் கழிப்பறை. அதில் உட்கார்ந்தால் முட்டி கதவில் இடிக்கும், எழுந்தால் தலை இடிக்கும். சுவருக்கு மட்டும் பைன் மரப் பலகை. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின்கள் பெரிய பெரிய மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். இறக்கிய பிறகு அந்தப் பெட்டிப் பலகைகள் மலிவாகக் கிடைக்கும். கோழிக்கூண்டிலிருந்து கல்யாணப் பீரோ வரைக்கும் எல்லாம் எங்கள் ஊரில் அந்தப் பலகையில்தான். அதில் மேல் நோக்கிய அம்புக்குறி, குடை, கண்ணாடிக் கோப்பை என்று கறுப்பு மையில் படம் குத்தியிருக்கும். கவிழ்க்காதே, நனைக்காதே, உடையும் பொருள், பார்த்துத் தூக்கு என்று அர்த்தம். “இதைத் தேச்சு எடுத்துருங்க” என்று சொன்னேன். “ஏன், டிசைன் நல்லாத்தானே இருக்கு?” என்றார் இவர். அந்த டிசைன் பின்னால் என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்கிறேன்.

வேலை முடிந்து, பென்னலூரில் காலியாகக் கிடந்த ஒரு மனைப் பிரிவில், மனைக்காரர் ஒருவர் தலையாட்டியதை நம்பி இவர் வேனை நிறுத்தினார். நான் அப்பாவிடம் போய் நின்றேன்.

“சொந்த வூடு கீதா?”

“இருக்குப்பா.”

“எங்க?”

“பென்னலூர்ல.”

“வாசல் எந்தப் பக்கம் பாக்குது?”

“கிழக்குப்பா.” இதில் பொய் எங்கே இருக்கிறது? வேனுக்குக் கதவு இடது பக்கம். முகப்பைத் தெற்கே பார்க்க நிறுத்தினால் வாசல் கிழக்கு. வடக்கு வாசல் வேண்டுமென்றால் முகப்பைக் கிழக்கே திருப்பினால் போதும். மற்றவர்கள் வாஸ்துவுக்காகச் சுவரை இடிப்பார்கள், நாங்கள் ஸ்டீயரிங்கை ஒடிப்போம்.

“மாடி வூடா?”

“மாடி இல்ல. ஆனா தரையிலருந்து கொஞ்சம் ஒசரமா இருக்கும்.”

“நல்லதுதான். மழைத்தண்ணி உள்ள வராது. ரோட்ல இருந்து தூரமா?”

“ரோட்டு மேலயே.”

“பத்திரம்லாம் ஒழுங்கா கீதா?”

“புக்கு அவர் பேர்லயே இருக்குப்பா.”

ஆர்.சி. புக் என்று முழுசாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அம்மாவைக் கூப்பிட்டு, “பையன் பேர்லயே கீதாம்மே!” என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கம் பெண்ணைப் பார்த்து முடித்த பிறகு, பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். பெண் கூடப் போகக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கம்பெனியில் ஓ.டி. வேலை இருந்தது, ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான என் அத்தை, மூன்று பேர். மூன்று பேராகப் போகக் கூடாது என்று அத்தை தன் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு வந்தார். அந்த மாமா எந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தாலும் வண்டி நகர்வதற்குள் தூங்கிவிடுவார். முப்பது வருஷம் ஷிப்ட் வண்டியில் போய் வந்த உடம்பு.

முதல் நாள் இவர் போன் பண்ணினார். “உண்மையைச் சொல்லிருவமா?”

“சொல்லிட்டா வருவாங்களா? வந்து பாக்கட்டும். பாத்தா புடிக்கும்.”

“புடிக்கலேன்னா?”

“வாயை வெச்சிக்கினு சும்மா இருங்க” என்று போனை வைத்துவிட்டேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும், என்ன செய்வது?

மறுநாள் காலையில், வீட்டு லொகேஷன் அனுப்பச் சொன்னார் அப்பா. இவர் பதற்றத்தில் ‘லைவ் லொகேஷன்’ அனுப்பிவிட்டார், அப்பாவுக்கும் எனக்கும். உலகத்திலேயே தன் வீட்டுக்கு லைவ் லொகேஷன் அனுப்பிய ஒரே மாப்பிள்ளை இவராகத்தான் இருக்கும்.

பென்னலூரில் நடந்ததை அத்தை எனக்கு எட்டுத் தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடும். எட்டிலும் பொதுவாக வந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நாலு பேரும் பழம், பூ, இனிப்போடு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். காலி மனை. நடுவில் ஒரு வெள்ளை வேன். வேன் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் இவர். “வாங்க வாங்க, வெயிலுக்குள்ள வந்திருக்கீங்க. ஏறுங்க. படி கொஞ்சம் ஒசரம், பாத்து.” வீட்டுக்குக் கூட்டிப்போக மாப்பிள்ளை வேன் கொண்டுவந்திருக்கிறார் என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. “மரியாத தெரிஞ்ச பையன்” என்று அம்மா காதில் சொல்லிக்கொண்டே ஏறினார். நாலு பேரும் உள்ளே வரிசையாக உட்கார்ந்தார்கள். மாமா தூங்கினார். இவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தார்கள். இவர் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர்கள் இவரைப் பார்த்தார்கள். இவர் அவர்களைப் பார்த்தார்.

“போலாமா தம்பி?” என்றார் அப்பா.

“எங்க, மாமா?”

“வூட்டுக்கு.”

“இதான் வீடு, மாமா.”

கொஞ்ச நேரம் மாமாவின் குறட்டை மட்டும்தான் கேட்டதாம். அப்புறம் அப்பா மெதுவாகத் திரும்பி அடுப்பைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், தலைக்கு மேல் ஓடுகிற விசிறியைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. “யாருக்கு யாரு மாமா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு இவர் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டாராம்.

அந்த நேரம் பார்த்து அத்தை சுவரைப் பார்த்துவிட்டார். “அய்யய்யோ! தம்பி, இங்க பாருடா. செவுரு பூரா கிளாசு! குடிகாரப் பய! கிளாசு படத்த அச்சடிச்சே ஒட்டி வெச்சிக்கிறான்!”

“இல்லீங்க, அது ஒடைஞ்சிரும்னு அர்த்தம்.”

“ஒடைப்பியா? குடிச்சிட்டு ஒடைக்க வேற ஒடைப்பியா?”

“அய்யோ, அது மெஷினுக்குப் போட்டது.”

“மெசினுக்கு ஊத்திக் குடுப்பியா? பக்கத்துல குடை வேற. மழ பேஞ்சாலும் விடாம குடிப்பான் போலக்கீதே!”

அம்மாதான் பேச்சை மாற்ற எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாராம். இவர் வாழைக்காய் சீவி, மாவு கரைத்து, எண்ணெய் கூடக் காயவைத்திருந்தார். எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை பிடிக்கிறதோ இல்லையோ, காய்ந்த எண்ணெயை வீணாக்க எங்கள் அம்மாவால் முடியாது. பஜ்ஜி போட ஆரம்பித்துவிட்டார். ஒரு பெரிய தட்டு நிறையப் போட்டு, அடுப்பை அணைத்து, எண்ணெயை மூடி போட்ட தூக்கில் ஊற்றி மூடினார். அப்பா எழுந்து, “கெளம்பு” என்றார்.

அப்போதுதான் வெளியே இருந்து தகரத்தைத் தட்டுகிற சத்தம். “யோவ்! யாரக் கேட்டு இங்க நிறுத்திக்கினு கீறீங்க? காலி பண்ணு, காலி பண்ணு!” மனைப் பிரிவுக்குப் புதிதாக வந்த வாட்ச்மேன்.

அந்த வார்த்தை அப்பாவுக்குப் பத்தாவது தடவை. கதவில் தலையை நீட்டி, “இன்னாய்யா மரியாத இல்லாம பேசற? ஒரு ஷிப்ட்ல நாப்பது வண்டிய எடுக்க வெக்கிறவன்யா நானு! எனக்கே சொல்றியா?” என்றார்.

“அப்ப ரூல்ஸ் தெரியுமில்ல? எடு!”

தொழில் தெரிந்தவரோடு தொழில் தெரிந்தவர் மோதினால் இரண்டு பேரும் இறங்க மாட்டார்கள். வாட்ச்மேன் ஆணி வைத்த கட்டையை எடுத்து வருகிறேன் என்று ஓடினார். இவருக்கு வண்டிதானே வீடு, டயர் போனால் வீடு போயிற்று. ஓடிப்போய் சீட்டில் உட்கார்ந்து கிளப்பிவிட்டார். யாருக்கும் இறங்க நேரம் கிடைக்கவில்லை. வீடு பார்க்க வந்தவர்களை வீட்டோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

லைனில் போன் வைத்துக்கொள்ள விட மாட்டார்கள். இரண்டரைக்கு ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்து போனைப் பார்த்தேன். வீடு வல்லத்தைத் தாண்டி ஒரகடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. இவருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. எங்கள் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

ஏன் எங்கள் ஸ்டாப்புக்கு வந்தீர்கள் என்று பிறகு கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. ஏழு வருஷப் பழக்கம். யோசிக்காமல் ஓட்டினால் கை தானாக அந்த ரூட்டில்தான் திரும்புமாம்.

அன்றைக்கென்று பார்த்து கம்பெனி வண்டி வர நேரமாகிவிட்டது. ஸ்டாப்பில் எங்கள் லைன் பெண்கள் எட்டுப் பேர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். வந்து நின்றதோ, ஏழு வருஷமாக ஏறி இறங்கிய அதே வேன். முன் கண்ணாடியில் எங்கள் ரூட் நம்பர் ஒட்டியிருந்ததைக் கூட இவர் கிழிக்கவில்லை. “நில்லுங்கடி, நில்லுங்கடி” என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? எட்டுப் பேரும் திமுதிமுவென்று ஏறிவிட்டார்கள். எனக்கு எங்கள் வீட்டிலேயே நிற்கத்தான் இடம் கிடைத்தது.

உள்ளே அம்மா பஜ்ஜித் தட்டோடு நிற்கிறார். வந்தவர்களைப் பார்த்ததும், மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் என்று நினைத்துவிட்டார். “வாம்மா, வாங்க, எடுத்துக்கோங்க” என்று தட்டை நீட்டினார்.

“இன்னாடி, வண்டில இப்ப டிபன்லாம் போட்றாங்களா?”

“ஓ.டி.க்கு இருக்கும்டி. ஏய், கட்டில் போட்டுக்கிறாங்க பாரேன்!”

“நான்தான்டி எச்.ஆர். கிட்ட எழுதிப் போட்டேன், சீட்டு குத்துதுன்னு. கம்பெனி திருந்திட்ச்சி.”

ஆளுக்கு இரண்டு பஜ்ஜி எடுத்தார்கள். சாப்பிட்ட கையோடு மூன்று பேர் கட்டிலில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். அதில் ஒருத்தி தலை மாமாவின் தோளில். அத்தை அவளை இந்தப் பக்கம் தள்ளினால் அவள் தூக்கத்திலேயே அந்தப் பக்கம் சாய்கிறாள். “ஏன்டி, ஒனக்கு வூடு வாசல் இல்லியா?” என்று அத்தை கத்த, “ஸ்டாப் வந்தா எழுப்புங்கக்கா” என்று அவள் கண்ணைத் திறக்காமல் பதில் சொல்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், தண்ணீர் டிரம் மேல், பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். என்ன திமிர் இருந்தால் அவரிடம் போய்க் கிழக்கு வாசல், புக்கு என்று வார்த்தை விளையாட்டு விளையாடியிருப்பேன்? எனக்கே என் மேல் ஆத்திரமாக வந்தது.

“எங்கன நிறுத்தட்டும்?” என்று இவர் முன்னாலிருந்து கேட்டார். அழாத குறை. ஒரு டீக்கடை ஓரம் ஒதுக்கினார். “கடைய மறைக்காத, எடு!” ஜங்ஷன் தாண்டிப் பாலத்துக்குக் கீழே ஒதுக்கினார். தொப்பி போட்ட ஒருவர் விசிலை ஊதி, “எடு எடு” என்றார். அத்தை, “தம்பி, உங் கம்பெனி கேட்டாண்ட நெழலு கீதே, அங்க ஓரங்கட்டச் சொல்லுடா. இவுர எழுப்பி எறக்கணும்” என்றார். அப்பா வாயைத் திறக்கவில்லை. இவர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அப்பாவின் கம்பெனி வாசலில் போய் நிறுத்தினார்.

நிறுத்தியதுதான் தாமதம். கேட்டிலிருந்து ஒரு செக்யூரிட்டி, அப்பாவுக்குக் கீழே வேலை பார்க்கிறவர், லத்தியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். “எடு, எடு, எடு! கேட் முன்னாடி நிறுத்தாத!”

அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “நான்தான்யா!”

“சார்! நீங்களா சார்?” சல்யூட் அடித்தார். அடித்த கையைக் கீழே விடாமலே, “நீங்கதானே சார் சொன்னீங்க, கலெக்டரே வந்து நின்னாலும் எடுக்கச் சொல்லுன்னு? எடுத்துடுங்க சார்” என்றார்.

அப்பா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அப்போது ஒரு சிரிப்புச் சத்தம். அம்மா. காலித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். எங்கள் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“இன்னாத்துக்குச் சிரிக்கிற?” என்றார் அப்பா.

“நாலு” என்றார் அம்மா. சிரிப்பில் மேலே பேச முடியவில்லை. மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: “பென்னலூர்ல ஒண்ணு, டீக்கடையாண்ட ஒண்ணு, பாலத்தாண்ட ஒண்ணு, இத்தோட நாலு. ஒரே நாள்ல நாலு தபா காலி பண்ணிட்டோம்யா. நான் ஒரு கரண்டியக் கூட மூட்டை கட்டல. த பாரு, எல்லாம் மாட்ன எடத்துலயே கீது.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சமையல் மேடைக்கு மேல் ஆறு கரண்டிகள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

“எம் முதுகு போனதே மூட்டை கட்டித்தான்யா” என்றார் அம்மா. இப்போது சிரிக்கவில்லை. “இவள எவன் காலி பண்ணுன்னு சொன்னா இன்னா? சொல்லிட்டுப் போறான். வூடுதான் இவ கூடவே வருதே.”

அப்பா டிரம்மிலிருந்து எழுந்தார். பழத்தட்டை அத்தையிடம் கொடுத்தார். தூங்குகிறவர்களின் காலைத் தாண்டித் தாண்டிப் படியில் இறங்கி, விறுவிறுவென்று கேட் அறைக்கு நடந்தார். ஷேர் ஆட்டோவுக்குப் போன் பண்ணத்தான் போகிறார் என்று நான் பின்னாலேயே ஓடினேன். இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்பா போன் எடுக்கவில்லை. மேஜை மேல் கிடந்த வண்டி ரிஜிஸ்டரைத் திறந்தார். உள்ளே லாரிகள் காத்து நிற்கிற யார்டு ஒன்று உண்டு. அதற்குள் எந்த வண்டி போனாலும் அந்த நோட்டில் ஏற வேண்டும். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எட்டிப் பார்த்து வண்டி நம்பரை எழுதினார். எங்கிருந்து என்ற இடத்தில் பென்னலூர். யாரைப் பார்க்க என்ற இடத்தில் தன் பெயர். வண்டி வகை என்ற இடத்தில் ‘வேன்’ என்று எழுதினார். அதற்கு மேலேயும் கீழேயும் லாரி, டெம்போ, கன்டெய்னர் என்று அவர் கையெழுத்துதான். பேனாவை எடுக்காமல் கொஞ்ச நேரம் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ‘வேன்’ மேல் ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில், குண்டு குண்டாக, ‘வீடு’ என்று எழுதினார். ரிஜிஸ்டரில் எதை அடித்து எழுதினாலும் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது அவரே கொண்டுவந்த ரூல். போட்டார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்பா என்னைப் பார்க்காத மாதிரி பேனாவை மூடினார்.

அந்தச் செக்யூரிட்டி நோட்டை எட்டிப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்தார். “சார், அவுட் டைம் எத்தினி மணின்னு போட?”

“வூட்டுக்கு எதுக்குய்யா அவுட் டைம்?” என்றார் அப்பா. “கேட்டத் தெற.”